ஆத்தா வரல, நான்தான் ஒக்காந்திருந்தேன்

அண்ணனூர்
29-7-90

அன்பு மவ பஞ்சவர்ணத்துக்கு அம்மா எழுதறது. ஆத்தா புண்ணியத்துல நானும் உன் நைனாவும் இங்க நல்லா கீறோம், ஜபல்பூர்ல நீ, மாப்ள, கொழந்த சொகமான்னு ரெண்டு வரி போடு. மாருல கட்டி எடுத்த எடத்துல பெரியாஸ்பத்திரில இருவத்தஞ்சி நாளு கதிர் கரண்டு வெக்கணும்னு எழுதினேனே, தோலு கருத்துப் போச்சி, ஒடம்பு அசந்து போவுது. கரண்டு வெக்கற ரூம்ல என்ன ஒண்டியா படுக்க வெச்சி கதவ சாத்தறப்ப நெஞ்சு அடிச்சிக்கும். அங்க ஒரு நர்சம்மா கண்ண மூடி மூச்ச கவனிக்கற தியானம் சொல்லிக் குடுத்துது, இதுனால நோவு போவாதும்மா, பயம் கொறையும், தூக்கம் வரும்னு மொத நாளே சொல்லிடுச்சி. என் வாயிதான் உனக்குத் தெரியுமே, மூச்ச கவனின்னா ரேஷன்ல சக்கர போட்டானான்னு நெனப்பு ஓடுது. அப்டியும் உடாம பழகி ஊட்லயும் ஒக்கார்றேன், தூங்கவும் தூங்கறேன்.

ஆடி மொத வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திகினு, ஈர முடிய விரிச்சி உட்டுட்டு கண்ண மூடி ஒக்காந்திருந்தேன். பக்கத்து ஊட்டு லோகநாயகி மூணு தபா கூப்ட்டாளாம், நான் பதில் சொல்லல. இந்த வாயாடி ஜெகதாம்பா வாய் மூடிகினு கீதுன்னா ஆத்தாதான் எறங்கியிருக்கணும்னு முடிவு கட்டிட்டா! கண்ண தொறக்கறேன், எதிர்ல கற்பூரம், வேப்பில, எலுமிச்சம்பழத்தோட அஞ்சு பொம்பளைங்க, தாயே எம்பொண்ணுக்கு எப்ப கல்யாணம்னு கேக்கறாங்க. பின்னால உன் நைனா கைகூப்பிகினு நிக்கறாரு. ஆத்தா வரலடி, நான்தான், அவ பேர்ல பொய் சொன்னா நாக்கு அழுவிடும்னு கத்தறேன், சாமி வந்தவங்களுக்கு வந்தது எங்க தெரியப் போவுதுன்னு லோகநாயகி சொல்றா. உன் நைனாவும் அதையே புடிச்சிகினு, ஆத்தாளே ஊட்டுக்கு வந்துட்டா இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு, நீ கருகினது போதும்னு ஒரே பேச்சு. அப்ப பாக்கி ஒம்போது நாளு.

திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு கெளம்பற நேரத்துல சட்டையே போடாம ஒக்காந்துட்டாரு. ஆத்தா குடுத்த உசுரு, அத பாத்துக்க சொல்லித்தான் குடுத்தா, நீ வரலன்னா போ, எனக்கு ரயிலுக்கு வழி தெரியும்னு சொல்லிட்டு ஒண்டியா கெளம்பிட்டேன். பொம்பளைங்க பொட்டில ஏறி கண்ண மூடிகினேன். சென்ட்ரல்ல எறங்கினா அடுத்த பொட்டிலேர்ந்து உன் நைனா எறங்கறாரு, சட்ட பித்தான் மாத்திப் போட்டுகினு. என் மூஞ்சிய பாக்காமயே, சோத்து டப்பாவ மறந்துட்டு வந்துட்டியேன்னு நீட்டினாரு. அன்னிலேர்ந்து தெனம் வராரு. நர்சம்மா அவரையும் பெஞ்சில ஒக்கார வெச்சி கண்ண மூட சொல்லுச்சி, ரெண்டே நிமிசத்துல கொறட்ட!

இன்னும் நாலே நாளு. முடிஞ்ச மறுநாளு ஆத்தாளுக்கு பொங்கல் வெக்கறேன். நெஜமாவே அவ வந்தான்னா வரட்டும், பக்கத்துல பாய் போட்டு ஒக்கார வெக்கறேன். நீ அழுதுகினு லீவு போட்டு ஓடி வராத, கொழந்தைக்கு தடுப்பூசி போட மறக்காத. மூணு பேரும் ஆத்தா தொணையில நோய்நொடி இல்லாம நூறு வருசம் வாழணும்.

ஒம்போதுல அஞ்ச முடிச்சிட்ட உன் அம்மா,
ஜெகதாம்பாள்