என் அக்கா தூணை இடித்தது உண்மையே எனப் பதிவு செய்யக் கோரி

அனுப்புநர்
விண்ணப்பதாரரின் தம்பி (வயது பதினாறு),
ஐந்தாம் மாடி, கடைசி வீடு.

பெறுநர்
உயர் அதிகாரி அவர்கள்,
பாதுகாப்புச் சரிபார்ப்புப் பிரிவு,
விமான நிலையம்.

பொருள்: என் அக்காவைப் பற்றி எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவிதமாகச் சொன்னது தொடர்பான புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஓடுபாதைப் பகுதியில் விமானங்களுக்கு முன்னால் சென்று வழிகாட்டும் வண்டியின் ஓட்டுநராக என் அக்கா தேர்வாகியிருக்கிறாள். தங்கள் பிரிவின் பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் வேலை. முன்பு செய்த தவறு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு அவள் ஒளிக்காமல் பதில் எழுதினாள். ஊருக்குக் கிளம்பிய விடுதித் தோழியைப் பேருந்து நிலையத்தில் விட, கல்லூரி வேனைக் கேட்காமல் எடுத்தது, திரும்பும்போது வாசல் தூணை இடித்தது, அதற்காக இரண்டு வாரம் இடைநீக்கம் ஆனது எல்லாம் அதில் இருந்தன. வேனைத் துடைத்துத்தான் நிறுத்தினாள் என்பது உள்பட.

2. இப்படி எழுதியதை அவள் வீட்டில் சொல்லவில்லை. எனவே தங்கள் விசாரணை அலுவலர் வந்தபோது, ஒரு வண்டியை மறைக்க எங்கள் வீட்டார் வண்டி வண்டியாகப் பொய் சொன்னார்கள். இடைநீக்கமா, அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டார். அப்பா ஒரு படி மேலே போய், "வேனா? அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது சார்" என்றார். ஓட்டுநர் வேலைக்குத் தேர்வானவளைப் பற்றி! அலுவலர் பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

3. அவளைப் பற்றி நல்லவிதமாகவே சொல்லும்படி அம்மா முந்தின நாளே மாடி மாடியாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு வாயே கிடையாது என்று எதிர்வீட்டு அத்தை சாட்சி சொன்னார். தண்ணீர்க் குழாயடியில் அவரும் அக்காவும் போடும் சண்டையில்தான் எங்கள் மாடி தினமும் கண்விழிக்கிறது. அவள் தலைநிமிர்ந்து பார்த்ததே இல்லை என்றார் கீழ்த்தளத் தையல்காரர். அவளுக்குக் கழுத்தளவு எடுப்பவரே அவர்தான். கல்லூரியும் தன் மானத்தைக் காப்பாற்ற 'நடத்தை: மிக நன்று' என்று எழுதிவிட்டது.

4. உண்மையைச் சொன்னவன் நான் ஒருவனே. ஆனால் அன்று லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கவிட்டவனும் நானே. அலுவலர் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கியபோது, பால் வாங்கப் போன அப்பா அதே லிஃப்டில் வந்து இறங்கினார். அட்டை என் வேலை என்று அங்கேயே தெரிந்துபோனது. அதனால் என் சாட்சியம் எடுபடவில்லை. அலுவலர்மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு என்மீது இருக்கலாம்.

5. இப்போது தங்கள் கடிதம் வந்திருக்கிறது. அக்கா சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லையாம். கடந்தகால நடத்தை பற்றிப் பொய் சொன்னவருக்கு அனுமதி இல்லையாம். திங்கட்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டுமாம். ஐயா, யோக்கியர் என்று பொய் சொல்லி மாட்டியவர்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். தப்பு செய்தேன் என்று உண்மை சொல்லி மாட்டிக்கொண்டவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

6. ஞாபகப் பிசகாக எழுதிவிட்டேன், எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடச் சொல்லி அம்மா கெஞ்சுகிறார். அக்கா சொன்னது இது: "தூணை ஒரு தடவைதான் இடிச்சேன்மா. இதை எழுதிக் கொடுத்தா தினம் இடிச்ச மாதிரி இருக்கும்." அதன்பின் குழாயடியில்கூடச் சண்டை இல்லை. எதிர்வீட்டு அத்தையே வந்து அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்.

7. அன்று கல்லூரி வாசலில் காவலுக்கு இருந்தவர் இப்போது ஒரு வாகன நிறுத்துமிடத்தில் வேலை பார்க்கிறார். நேரில் போய்க் கேட்டேன். "நல்லாத்தான் வளைச்சா தம்பி. தூண்தான் நகரல. எங்க வேணா வந்து சொல்றேன்" என்றார்.

ஆகவே, தாங்கள் அந்தக் காவலாளியை விசாரித்து, என் அக்கா தவறு செய்தவள்தான் என்று உறுதிப்படுத்தி, அவளுக்கு அனுமதி வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். திங்கட்கிழமைக்குள் நடந்தால், அவள் தன் முதல் பொய்யை எழுதாமல் தப்பிப்பாள்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மொட்டைமாடி

அக்காவின் குற்றத்தில் முழு நம்பிக்கையுள்ள,
தம்பி (ஒப்பம்)

பின்குறிப்பு: நான் எழுதுவதைத் துணி எடுக்க வந்த அப்பா பின்னால் நின்று படித்துவிட்டார். அடி விழும் என்று நினைத்தேன். பேனாவைத்தான் வாங்கினார். கீழே உள்ளது அவர் கையெழுத்து:

'ஐயா, அன்று நான் சொன்னது பொய். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நன்றாக ஓட்டுவாள். – தந்தை.'