அரைப்பேரு வேணாம் ஆண்டவரே

என் கண்ணு இசபெல்லு,

கர்த்தர் உன் கட்டில் பக்கத்துலயே இருப்பாராக. காய்ச்சல் விட்டுச்சா? ஆஸ்பத்திரிக் கஞ்சிய மூஞ்சி சுளிக்காமக் குடி. டாக்குத்தரு என்கிட்ட சொன்னது கெடக்கட்டும்.

நேத்து ஜெபக்கூட்டத்துல உனக்காக நாந்தான் ஜெபம் பண்ணுனேன். "ஆண்டவரே, எம் மருமவள அரை உசுரா அனுப்பாதீங்க. முழுசா நடந்து வரணும், கொழுந்துக் கூடைக் கயித்தத் தலையில மாட்டணும்"னு சத்தமாக் கேட்டேன். உபதேசியாருக்குப் பொறுக்கல. "என்னம்மா, ஆண்டவரையே அதிகாரம் பண்ணுறீங்க? உம்முடைய சித்தம்னு சொல்லி முடிங்க"ன்னாரு.

விடுவேனா? "ஐயா, காலையில பேரு பதியுற பெரட்டுக்குப் பிந்தி வர்ற புள்ளைகளுக்காகத் தோட்டத்துக் கண்டாக்கையாகிட்ட நாந்தான பேசுறேன். 'உங்க இஷ்டம் ஐயா'ன்னு நின்னா அரைப்பேருதான் விழும், அரை நாள் சம்பளந்தான். மல்லுக்கட்டுனாத்தான் முழுப்பேரு. கண்டாக்கையாவே எறங்கி வர்றப்ப பரலோகத்துத் தகப்பன் எறங்க மாட்டாரா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுட்டாரு.

கூட்டம் கலைஞ்சு லயத்து வீட்டுக் காம்பராவுக்கு வந்து, நம்ம வழக்கப்படி திரும்பவும் ஜெபம் பண்ணுனேன். முடிச்சா, ஆமென் சொல்ல ஆளில்ல. நானே ரெண்டு தடவ சொல்லிக்கிட்டேன்.

லயத்துல யாருக்கு என்னன்னாலும் ஜெபம் பண்ண என்னயத்தான் கூப்பிடுறாங்க. எனக்குன்னு கேக்கத்தான் வாய் வரமாட்டேங்குது. அதனால நீ படுத்துக்கிட்டே கேளு, அத்தையத் தனியா விட்றாதீங்கன்னு. மெதுவாக் கேக்காத, கண்ணு. மல்லுக்கட்டிக் கேளு.

உன் ஆமெனுக்காகக் காத்திருக்கும்
அத்தை