மிதவைக்குப் பசை பூசியவனுக்கு

இன்று காலை மெக்கானிக் தம்பி உன் வண்டியின் கார்புரேட்டரைப் பிரித்து, அதற்குள் இருந்த மிதவையை என் கையில் வைத்தான். இத்தனூண்டு பிளாஸ்டிக் டப்பா. "காதுகிட்ட வெச்சி ஆட்டிப் பாருக்கா" என்றான். ஆட்டினேன். உள்ளே பெட்ரோல் களக் களக்கென்றது. ஓட்டையைச் சுற்றிப் பாதி கரைந்த மஞ்சள் பசை. அதைப் பார்த்ததும் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

இருந்தவரை புருஷன் என்று 'நீங்க' போட்டேன். இனி 'நீ'தான், போ.

மிதவைக்கு என்ன பெரிய வேலை? கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏறத் தானும் மிதந்து ஏறி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் மூழ்கிவிடும். வழி அடைபடாது, பெட்ரோல் நிரம்பி வழியும், ஓடுகிற வண்டி நின்றுபோகும். நீயே சொன்னதுதான். "புதுசு மாத்துங்களேன்" என்று கெஞ்சினேன். கேட்டாயா? நீ வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்து பூசினாய். "ஊரே மிதிக்கிற ஷூ பிரியல, இத்தனூண்டு ஒட்டு பிரிஞ்சிடுமா?" என்று சிரிப்பு வேறு. கையில் ஒட்டிய அந்தப் பசையைத் தினமும் பெட்ரோல் தொட்டுத்தானே துடைப்பாய்! அப்போதுகூடவா உறைக்கவில்லை?

மறுநாளே வாசலில் பெட்ரோல் நாறியது. சொன்னேன். "எனுக்கு ஒண்ணும் வர்ல. உனுக்கு மூக்கு ஜாஸ்தி" என்று கிளம்பிவிட்டாய். வருஷக்கணக்காகப் பசை நெடியில் கிடந்த மூக்குக்கு எது தெரியும்? அன்று சாயங்காலம் ஆம்பூர் ஹைவேயைக் கடக்கும்போது வண்டி நடுவில் நின்றுவிட்டது. நீ உதைத்துக்கொண்டே இருந்தாயாம். லாரி வந்துவிட்டது. வண்டி ஹேண்டில் வளைந்ததோடு தப்பித்தது.

உன் இடத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள். அதே மேசை, அதே பசை. இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்து அலுத்துவிட்டது, வண்டி வேண்டுமென்றுதான் இன்று அதை வெளியே தள்ளினேன். புது மிதவையே போடச் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேள். பிரிப்பதற்கு முன்னால் தம்பி பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனான். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவன் தெரு முனையிலிருந்தே கத்தினான்: "இன்னாக்கா, இவ்ளோ பெட்ரோல் ஊத்திக்கினு கீது, நாத்தம் வர்லியா?"

குனிந்து பார்த்தேன். என் புடவை ஓரம் நனைந்திருந்தது. எனக்கும் ஒன்றும் வரவில்லை, பாவி மனுஷா.