ரொட்டித்தூள் அளவு

வடக்கு டகோட்டா, நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிணற்று முகாமில் மீட்லோஃப் செய்தேன். ரொட்டித்தூள் குறைந்துபோய், அடுப்பில் சுட்டெடுத்த கொத்துக்கறிக் கட்டி வெட்டியதுமே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. "ஏம்ப்பா, இது மீட்லோஃபா, இடிஞ்ச வீடா?" என்றான் அறையில் கூட இருக்கும் டுவேன். சிரித்துக்கொண்டே உருளைக்கிழங்கு மசியலோடு அள்ளித் தின்றோம்.

முறுகலான ஓரத் துண்டு மட்டும் முழுசாக நின்றது. அவன் கை நீட்டியதும், "அது லோர்னாவுக்கு!" என்று கத்திவிட்டேன். அவள் கல்யாணத்தை முறித்துக்கொண்டு என்னை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறதென்று அவனுக்கும் தெரியும்.

ரொட்டித்தூள் எவ்வளவு போடுவாள் என்று அவளிடம் கேட்டு எழுது. உனக்கே தெரியும்தான், இருந்தாலும் அவளிடமே கேள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

அவள் பதில் சொல்லாவிட்டால், சொன்னதாகவே எழுதிவிடு, அம்மா.

வெர்னன்