வந்துக்கினே கீறேன்

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு. உத்திரமேரூர்.

அறுவடை தொடங்கிவிட்டால் நெல் அறுக்கும் மிஷின் பழுது பார்க்கிற எனக்கு ஊர் ஊராக ஓட்டம்தான். இன்று ஐயங்கார்குளத்தில் ஒரு மிஷினுக்கு அடியில் படுத்திருந்தபோது பழையசீவரத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். அவர் வயலில் பெல்ட் அறுந்து மிஷின் பாதியில் நின்றுவிட்டதாம். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"எங்கப்பா கீற?"

எங்கே இருந்தாலும் "வந்துக்கினே கீறேன்க்கா" என்பதுதான் எங்கள் தொழிலில் பதில். இன்று என்னவோ அது வாயில் வரவில்லை.

"இன்னிக்கு முடியாதுக்கா. வேற ஆளப் பாரு."

"இத்த சொன்னியே, அது போதும்" என்று வைத்துவிட்டார். வேறு ஆளைப் பிடித்து மழைக்கு முன்பே அறுத்தும் முடித்துவிட்டாராம். இங்கே பட்டறைக்குத் திரும்பினால் முதலாளிதான் அடங்கவில்லை. "இன்னொரு தபா வேலைய வுட்டேன்னா வூட்டுக்கே போயிடு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். இன்னும் காது சுடுகிறது.

சற்று முன் திருத்தணியிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"எங்க கீற?"

இந்த ஓட்டம் தொடங்கியதிலிருந்து அவளிடமும் தினமும் அதையேதான் சொல்லிவந்தேன். வந்துக்கினே கீறேன், நீ தூங்கு. ஒரு ராத்திரிகூடப் போய்ச் சேரவில்லை.

"உத்திரமேரூர்லதான் கீறேன். இன்னிக்கும் வரல."

கோபித்துக்கொள்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி" என்றாள். "அப்ப இன்னிக்காவது கதவுக்குத் தாப்பா போட்டுட்டுப் படுக்கறேன்."