லேபிள் இல்லாத டப்பா

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் பூட்டைத் திறந்து உள்ளே வரும்போது நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். உங்கள் விமானம் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கேப் வரப் பத்து நிமிடம். அதற்குள் எழுதிவிடுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

போன மாதம் போட்டோவைப் பார்த்து, "சாதனாவுக்குக் கன்னத்துல சதை போட்டிருக்கே!" என்று சந்தோஷப்பட்டீர்களே, அது சாப்பாட்டால் வந்ததில்லை.

ஸ்கின் டாக்டரின் களிம்பு நிதானமாகத்தான் கேட்கும் என்றார்கள். குழந்தை ராத்திரியெல்லாம் சொறிந்து ரத்தம் வருவதை நீங்கள் வைசாகிலிருந்து பார்க்கவில்லை. கீழ் வீட்டு பெங்காலி மாமி, அந்தக் காகிமா பேச்சைக் கேட்டு, ஃபெரி பிடித்து ஹவுராவில் ஒருவரிடம் போனேன். லேபிள் இல்லாத வெள்ளை டப்பா கொடுத்தார். மூன்றே நாளில் எக்ஸிமா போன இடம் தெரியவில்லை.

ஏழு மாதம் உடம்பு முழுக்கப் பூசினேன். முகம் வீங்கியது. தொடையில் கோடு கோடாக விழுந்தது. பயந்துபோய், போன வாரம் இருந்த டப்பாக்களையெல்லாம் கங்கையில் போட்டுவிட்டேன். மறுபடி சொறிய ஆரம்பித்தாள்.

இப்போதுதான் ஸ்கின் டாக்டருக்குப் போன் செய்தேன். "திடீர்னா நிறுத்தினீங்க?" என்று கேட்டார். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கும், இத்தனை மாதம் பூசிவிட்டுச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச் சொன்னார். டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார்.

காலையிலிருந்து அவள் சொறியவே இல்லை. நன்றாகத் தூங்குகிறாளே என்று நான்தான் எழுப்பாமல் விட்டேன். இப்போது எழுப்பினால் எழவில்லை.

கேப் வந்துவிட்டது.

இப்படிக்கு,
அவள் அம்மா