வரிசையில் நின்ற பெண்கள்

என் அன்பு அக்கா,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதமாகிறது. போன மாதம் ஹூஸ்டனில் என் கிளினிக்கில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

மகனோடு இருக்க இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, பிரஷர் பார்க்க வந்தார். என் அக்காவும் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நேர்ஸாக இருந்தவ என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் தாயைப் பற்றிச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். சீனிக்கும் இறைச்சிக்கும் ரேஷன் கூப்பன். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு தாய்க்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வருஷக்கணக்காகச் சலவைக்கூடத்தில் நின்று வேலை செய்தாராம். டொக்டரிடம் போக வசதியில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

புது அரசாங்கம் வைத்தியத்தை எல்லோருக்கும் இலவசமாக்கிய முதல் நாள் காலை, தேவாலயத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு, எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தெருப் பெண்கள் பலர் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, முன்னால் நின்ற இருவருக்கும் அதே கர்ப்பப்பை வருத்தம். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் அத்தனை வருஷம்.

"ஏனம்மா இவ்வளவு நாள் வரவில்லை?" என்று டொக்டர் கேட்டாராம்.

"வரலாம் என்று இன்றைக்குத்தானே சொன்னார்கள்," என்றாராம் தாய்.

யோசித்துப் பாருங்கள், அக்கா. குண்டு விழுந்து இடிந்து கிடந்த நாடு. அந்த நேரத்தில் இப்படி ஒன்றைச் செய்ய எங்கிருந்து மனம் வந்தது? அமெரிக்காவுக்கு வாங்கோ என்று உங்களை எத்தனை தடவை நச்சரித்தேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவீர்கள். அந்த இலவச வைத்தியம் என்ற எவ்வளவு பெரிய ஒன்றுக்குள் நின்று வேலை செய்தீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

அன்று காலைதான், ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை, இன்ஷூரன்ஸ் இல்லையென்று எங்கள் கிளினிக்கில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த விதி நான் போட்டதுதான். மூதாட்டி போனதும் நானே அந்தப் பெண்ணுக்கு போன் பண்ணி, பின்னேரம் வரச் சொன்னேன். கழுத்தில் கட்டி. எட்டு மாதமாகத் துப்பட்டாவால் மூடி வைத்திருந்தாள். புற்றுநோய்தான், ஆனால் பரவவில்லை. ஏழைகளுக்கான கவுண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்திருக்கிறது.

இனிச் சனிக்கிழமைகளில் யாரிடமும் எந்த இன்ஷூரன்ஸ் கார்டும் கேட்காமல் நோயாளிகளைப் பார்ப்பேன், அக்கா. ஒரு நாடு செய்ததற்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. ஆனாலும் செய்வேன்.

உங்களுக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி,
வதனி